யூரியா கரைத்த வாளி ஏன் ஜில்லிடுகிறது?

அறிவியல் கேள்வி – பதில்

சென்ற இதழில் வேதிவினைகளும் வெப்பமும் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்கள் பலவும் ஒரே இடத்தைத்தான் சுற்றி வந்தன: ஒரு வினை தானாக நடக்குமா, நடக்காதா என்பதை எது தீர்மானிக்கிறது? வெப்பக் கணக்கான என்தால்பியா, பரவல் கணக்கான என்ட்ரோபியா? அந்தக் கடிதங்களில் தேர்ந்தெடுத்தவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

நெற்பயிருக்குத் தெளிக்க யூரியாவைத் தண்ணீரில் கரைத்தால் வாளி ஜில்லென்று ஆகிவிடுகிறது. சூட்டை வெளியே விடுகிற வினைதான் தானாக நடக்கும் என்று பள்ளியில் படித்த ஞாபகம். சூட்டை உறிஞ்சிக்கொண்டு யூரியா எப்படித் தானாகக் கரைகிறது?
– விவசாயி, திருவாரூர் மாவட்டம்

உங்கள் ஞாபகத்தில் இருப்பது பாதி உண்மை. 19ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கின் தாம்சன், பிரான்சின் பெர்த்தலோ ஆகிய வேதியியலாளர்கள் அப்படித்தான் நம்பினார்கள். அந்த விதியை உடைக்க உங்கள் வாளி ஒன்றே போதும்.

கணக்கைப் பார்ப்போம். 60 கிராம் யூரியா, அதாவது ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் பயன்படும் அலகு), தண்ணீரில் கரையும்போது ஏறக்குறைய 15 கிலோஜூல் வெப்பத்தை உள்ளே இழுக்கிறது. படிகத்துக்குள் யூரியா மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியை விடுவிக்கச் செலவாகும் ஆற்றல், பிறகு தண்ணீரோடு அவை பிணையும்போது திரும்பக் கிடைப்பதைவிட அதிகம். இந்த நிகரச் செலவுதான் என்தால்பி மாற்றம். செலவை ஈடுகட்டத் தண்ணீரிலிருந்தே வெப்பம் எடுக்கப்படுவதால் வாளி குளிர்கிறது.

நட்டம் என்று தெரிந்தும் ஏன் கரைகிறது? படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரே ஓர் இடம்தான். கரைந்த பிறகு வாளி முழுவதும் அதற்கு இடம். எத்தனை விதமாக மூலக்கூறுகள் அமையலாம், ஆற்றலைத் தங்களுக்குள் எத்தனை விதமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதன் அளவே என்ட்ரோபி. ஒரு மோல் யூரியா கரையும்போது இது கெல்வினுக்குச் சுமார் 70 ஜூல் கூடுகிறது.

இனி வரவையும் செலவையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும். வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்தால் வெளியின் என்ட்ரோபி குறையும். எவ்வளவு? எடுத்த வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் வருவது அது. 30 டிகிரி செல்சியஸ் என்பது 303 கெல்வின். 15,000ஐ 303ஆல் வகுத்தால் ஏறக்குறைய 50. ஆக, வெளியே 50 ஜூல் நட்டம், உள்ளே 70 ஜூல் வரவு, நிகரம் 20 ஜூல் லாபம். மொத்த என்ட்ரோபி கூடும் திசையில்தான் எதுவும் தானாக நடக்கும். சூடு வெளிவருகிற வினைகள் பெரும்பாலும் தானாக நடப்பதற்கும் இதுவே காரணம்: வெளிவருகிற சூடு வெளியின் என்ட்ரோபியைக் கூட்டுகிறது. என்தால்பியும் என்ட்ரோபியும் எதிரெதிர்க் கட்சிகள் அல்ல, வெளிக்கணக்கும் உள்கணக்கும்.

வயலுக்கு வருவோம். 10 லிட்டர் டாங்குக்கு 2 சதவீதக் கரைசல் என்றால் 200 கிராம் யூரியா. அதை நேரே 10 லிட்டரில் கரைத்தால் வெப்பநிலை ஒரு டிகிரிதான் இறங்கும், கைக்கே தெரியாது. முதலில் ஒரு லிட்டரில் கரைத்துப் பிறகு டாங்கில் ஊற்றுபவர்களுக்குத்தான் 10 டிகிரி அளவுக்கு இறங்கிக் கை சிலிர்க்கும். குளிர்ந்த நீரில் குருணை மெதுவாகக் கரையும். 200 கிராம் ஒரு லிட்டரில் கரையாமல் போகாது; 20 டிகிரியிலேயே லிட்டருக்கு ஒரு கிலோவுக்கும் மேல் கரையும். அவசரப்பட்டு ஊற்றுவதுதான் தப்பு. அடியில் தங்கிய குருணை நாசிலில் போய் அடைத்துக்கொள்ளும். வெயிலில் வைத்த தண்ணீரை எடுத்து, நன்றாகக் கலக்கி, துணியில் வடிகட்டி ஊற்றுங்கள்.

கிப்ஸ் சமன்பாடு மனப்பாடமாக இருக்கிறது. கணக்கு போட்டால் மட்டும் விடை ஆயிரம் மடங்கு தள்ளிப் போகிறது. எங்கே தவறுகிறேன்?
– பிளஸ் டூ மாணவி, விருதுநகர்

ஆயிரம் மடங்கு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அட்டவணையில் என்தால்பி கிலோஜூலில் இருக்கும், என்ட்ரோபி ஜூலில் இருக்கும். இரண்டையும் அப்படியே போட்டுக் கழித்தால் வருவது இந்த விடைதான். முதல் வரியிலேயே என்ட்ரோபியை 1000ஆல் வகுத்து எழுதிவிட்டுப் பிறகு கணக்கைத் தொடங்குங்கள்.

சமன்பாடு இது:

கட்டிலா ஆற்றல் மாற்றம் = என்தால்பி மாற்றம் − (கெல்வின் வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றம்)

விடை எதிர்க்குறியானால் வினை முன்னோக்கிச் செல்லும், நேர்க்குறியானால் செல்லாது, பூச்சியமானால் சமநிலை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லர்ட் கிப்ஸ் இதற்கான அடித்தளத்தை 1876 முதல் 1878 வரை வெளியிட்டார். முந்தைய பதிலில் உள்ளே, வெளியே என்று இரண்டு கணக்கு பார்த்தோமே, அதையே வெப்பநிலையால் பெருக்கி, குறியை மாற்றி, ஒரே வரியில் எழுதினால் இதுதான் வரும். வெளியுலகத்தைத் தனியாகக் கவனிக்காமலே விடை சொல்லலாம் என்பதுதான் இதன் வசதி.

பழகுவதற்குப் பனிக்கட்டியைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரு மோல் பனிக்கட்டி உருக 6.01 கிலோஜூல் வேண்டும். என்ட்ரோபி 22.0 ஜூல், அதாவது 0.0220 கிலோஜூல் கூடும்.

−10 டிகிரியில், அதாவது 263 கெல்வினில்: 6.01 − 263 × 0.0220 = 6.01 − 5.79 = +0.22 கிலோஜூல். உருகாது.

+10 டிகிரியில், அதாவது 283 கெல்வினில்: 6.01 − 6.23 = −0.22 கிலோஜூல். உருகும்.

இரண்டும் சரிசமமாகும் வெப்பநிலை: 6.01ஐ 0.0220ஆல் வகுத்தால் 273 கெல்வின். உருகுநிலையை அட்டவணையைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டீர்கள். என்தால்பியை என்ட்ரோபியால் வகுத்தால் வினையின் திசை மாறும் வெப்பநிலை வரும் என்பதை மட்டும் கைவசம் வைத்துக்கொண்டால், இந்தப் பாடத்தில் பாதிக் கணக்குகள் முடிந்தன. வெப்பநிலை மாறும்போது இந்த இரண்டு மதிப்புகளும் கொஞ்சம் மாறும். தேர்வுக் கணக்கில் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

இன்னும் இரண்டு வழக்கமான சறுக்கல்கள். ஒன்று, செல்சியஸில் பெருக்குவது. மற்றொன்று, தனிமங்களின் திட்ட என்ட்ரோபியைப் பூச்சியம் என்று எடுத்துக்கொள்வது. தனிமங்களின் உருவாதல் என்தால்பிதான் பூச்சியம். ஆக்சிஜன் வாயுவின் என்ட்ரோபி 205 ஜூல். அதை விட்டுவிட்டால் கணக்கு முழுவதும் பாழ்.

குல்ஃபி வண்டியில் பானையைச் சுற்றி ஐஸும் கல் உப்பும் போடுகிறார்கள். உப்புக்குக் குளிர்ச்சி உண்டா?
– வாசகர், மதுரை

உப்பு கரையும்போது கொஞ்சம் வெப்பத்தை உறிஞ்சுவது உண்மைதான், ஆனால் அது சில்லறை. 100 கிராம் உப்பு கரைந்தால் 7 கிலோஜூல்கூட வராது. அதனோடு சேர்ந்த 300 கிராம் ஐஸ் உருகினால் 100 கிலோஜூல். வேலை செய்வது ஐஸ் உருகுவதுதான். உப்பு அதை உருக வைக்கிறது.

எப்படி? சற்றுமுன் போட்ட கணக்கில் −10 டிகிரியில் ஐஸ் உருகாமல் நின்றதற்குக் காரணம் மோலுக்கு வெறும் 0.22 கிலோஜூல் பற்றாக்குறை. அதை ஈடுகட்ட, உருகிய நீரின் என்ட்ரோபியைக் கெல்வினுக்கு 0.84 ஜூல் கூட்டினால் போதும். நீரில் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் கலந்து பரவும்போது நீருக்கு அந்த உபரி என்ட்ரோபி கிடைக்கிறது. ஐஸ் படிகத்துக்குள் உப்பு நுழையாது, அதனால் அந்தப் பக்கம் எதுவும் கூடுவதில்லை. எடையில் சுமார் 14 சதவீத உப்பு இருந்தாலே −10 டிகிரியிலும் ஐஸ் உருகும். உருகுவதற்கான வெப்பத்தைப் பானைக்குள் இருக்கும் பாலிடமிருந்து எடுத்துக்கொள்ளும். பால் உறையும்.

இதற்கும் எல்லை உண்டு: கரைசலில் 23.3 சதவீத உப்பு, −21.1 டிகிரி. அதற்குக் கீழே உப்பு எவ்வளவு கொட்டினாலும் அடியில் கிடக்கும். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்ற கைப்பழக்க அளவு இந்த எல்லையை ஒட்டியே வருகிறது. வீட்டில் செய்து பார்ப்பவர்கள் ஐஸை நன்றாக நொறுக்கிக்கொள்ளுங்கள். பெரிய கட்டியாகப் போட்டால் உப்பு படும் பரப்பு குறைந்து, போதிய அளவு குளிரவே திணறும். அடியில் சேரும் உப்புத் தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டாம். பானையின் சுவரைத் தொட்டுக்கொண்டு வெப்பத்தைக் கடத்துவது அதுதான்.

எங்கள் பாடநூலில் என்தால்பியை வெப்பவுள்ளுறை என்றும் என்ட்ரோபியை எந்திரப்பி என்றும் எழுதுகிறார்கள். எந்திரப்பி என்றால் ஒழுங்கின்மை, கலைந்து கிடக்கும் அறை என்று விளங்கிக்கொள்வது சரியா?
– உயர்தர மாணவன், யாழ்ப்பாணம்

பெயர் வேறானாலும் பொருள் ஒன்றே. ஆனால் அறை உதாரணத்தை விட்டுவிடுங்கள். கலைந்து கிடக்கும் புத்தகங்களுக்கு வெப்ப இயக்கம் கிடையாது. தானாக அவை இடம் மாறிக்கொண்டிருப்பதில்லை. மூலக்கூறுகள் நொடிக்குக் கோடிக்கணக்கான முறை மோதி ஆற்றலைக் கைமாற்றிக்கொள்கின்றன. அந்தக் கைமாற்றத்துக்கு எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன என்பதே எண்ணப்படுகிறது. வியன்னாவில் இயற்பியலாளர் போல்ட்ஸ்மனின் கல்லறையில் பொறித்திருக்கும் சமன்பாடு அந்த வழிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை எடுக்கச் சொல்வதுதான். எண்களைப் பார்த்தாலே விளங்கும்: 25 டிகிரியில் ஒரு மோல் வைரத்துக்கு 2.4 ஜூல், கிராஃபைட்டுக்கு 5.7, திரவ நீருக்கு 69.9, நீராவிக்கு 188.8. வைரம் கிராஃபைட்டைவிட "ஒழுங்கானது" என்று சொல்வதைவிட, விறைப்பான பிணைப்புகளால் அதன் அணுக்கள் அதிர வழி குறைவு என்று சொல்வதே சரி.

பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் வேலை செய்கிறோம். காளவாயிலிருந்து வரும் சுண்ணாம்பு ஒரு நடை தண்ணீர் பட்டதும் நன்றாகப் பொடிந்து நீறுகிறது, அடுத்த நடையில் கல்லாகவே கிடக்கிறது. பூசிய பிறகு சுவரில் பொரிப் பொரியாகத் தெறிக்கவும் செய்கிறது. காரணம் என்ன?
– கட்டட ஒப்பந்ததாரர், காரைக்குடி

உங்களுக்கு வருவது இரண்டு வெவ்வேறு குறைகள்: ஒன்று வேகாத கல், மற்றொன்று தீய்ந்த கல். இரண்டும் ஒரே காளவாயில், ஒரே நடையில்கூட வரலாம்.

சுண்ணாம்புக்கல்லாயினும் கிளிஞ்சலாயினும் அது கால்சியம் கார்பனேட். அது கால்சியம் ஆக்சைடாகவும் கரியமில வாயுவாகவும் பிரிய வேண்டும். ஒரு மோலுக்கு, அதாவது 100 கிராம் கல்லுக்கு, 178 கிலோஜூல் வெப்பம் தேவை. திடத்துக்குள் அடைபட்டிருந்த வாயு வெளியேறுவதால் என்ட்ரோபி 160 ஜூல் கூடுகிறது. 25 டிகிரியில் கணக்கிட்டால் கட்டிலா ஆற்றல் +130 கிலோஜூல். அதனால்தான் மலையில் சுண்ணாம்புக்கல் யுகக்கணக்காக அப்படியே இருக்கிறது. 178ஐ 0.160ஆல் வகுத்தால் 1110 கெல்வின், அதாவது 840 டிகிரி செல்சியஸ். வெப்ப ஏற்புத்திறன் மாறுவதையும் சேர்த்துத் துல்லியமாகப் பார்த்தால் 900 டிகிரியை ஒட்டி வரும். தூய கரியமில வாயு ஒரு வளிமண்டல அழுத்தத்தில் கல்லைச் சூழ்ந்திருந்தால் வேண்டிய வெப்பநிலை இது.

உங்கள் காளவாய்க்காரர் கவனிக்க வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. வாயுவை இழுத்து வெளியேற்றினால் வெளியேறும் வாயுவுக்குப் பரவ இடம் கூடுகிறது. என்ட்ரோபி இன்னும் கூடுகிறது. தேவையான வெப்பநிலை இறங்குகிறது. புகையில் கரியமில வாயு கால் பங்கு மட்டும் இருந்தால், அதே எளிய கணக்கில் 840க்குப் பதிலாக 760 டிகிரி போதும். காற்றுக்கண் சாம்பலால் அடைபட்டாலோ பொடிக்கல் இடுக்குகளை நிரப்பிவிட்டாலோ வாயு உள்ளேயே தேங்கும். விறகும் கரியும் எவ்வளவு போட்டாலும் வேகாத கல் விழும். பொடியைச் சலித்து ஒதுக்கிவிட்டு, ஏறக்குறைய ஒரே அளவுள்ள, கைப்பிடி அளவுக் கற்களை அடுக்கச் சொல்லுங்கள்.

கல்லின் அளவுக்கும் பங்கு உண்டு. வெளிப்புறம் முதலில் சுண்ணாம்பாகிறது. அந்தச் சுண்ணாம்பு உறை வெப்பத்தை உள்ளே எளிதில் விடாது. உள்ளே பிறக்கும் வாயுவும் அந்த உறையைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். பெரிய கல்லின் நடுப்பகுதி வேகவேண்டும் என்று தீயை ஏற்றினால் வெளிப்புறம் 1100, 1200 டிகிரியைத் தாண்டித் தீய்ந்துவிடும். அப்படித் தீய்ந்தது நுண்துளைகள் மூடி இறுகிப்போகும். வேதியியல்படி அது நல்ல சுண்ணாம்புதான், தண்ணீரோடு சேரவும் செய்யும், ஆனால் நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில். சுவரில் பூசிய பிறகு அது நீறினால் கன அளவு பெருகித் தெறிக்கும். நீங்கள் சொல்லும் பொரி அதுதான். நீற்றிய குழம்பை மெல்லிய சல்லடையில் வடித்து, தண்ணீர் மூடியபடி சில வாரங்கள் ஊற விட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

வந்த கல் எந்த வகை என்று பார்க்க ஒரு வழி. துண்டை எடையிட்டுப் பாருங்கள். முழுதாக வெந்திருந்தால் 100 கிராம் தூய கல் 56 கிராமாகக் குறைந்திருக்கும், ஆனால் உருவம் சுருங்கியிருக்காது. ஒரே அளவுள்ள துண்டுகளில் கையில் கனமாக இருப்பது வேகாதது அல்லது தீய்ந்தது. அதை நீற்றிப் பார்த்து மிஞ்சும் கட்டியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் உள்ளே கார்பனேட் இருக்கிறது, அதாவது வேகவில்லை. நுரைக்காவிட்டால் தீய்ந்தது.

நீற்றும்போது நடப்பது இதற்கு நேரெதிர். திடப்பொருளும் தண்ணீரும் சேர்ந்து ஒரே திடப்பொருளாகின்றன; என்ட்ரோபி 25 ஜூல் அளவுக்குக் குறைகிறது. ஆனால் மோலுக்கு 65 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது. 298 கெல்வினில் அது வெளியின் என்ட்ரோபியை ஏறக்குறைய 218 ஜூல் கூட்டுகிறது. உள் நட்டம் 25, வெளி வரவு 218. அதனால்தான் அப்படிக் கொதிக்கிறது. 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு 1.16 மெகாஜூல் விடும். 30 டிகிரியில் இருக்கும் 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். எனவே தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு சிறிது சிறிதாகச் சுண்ணாம்பு. சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்த இடம் மட்டும் நீராவியாகி வெடித்துச் சிதறும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். கண்ணாடி போடாமல் ஆளை இந்த வேலையில் நிறுத்தாதீர்கள். பிளாஸ்டிக் டிரம்மும் வேண்டாம்.

அம்மோனியா தயாரிப்பில் 191 டிகிரிக்கு மேல் வினை முன்னோக்கிப் போகாது என்று எனக்குக் கணக்கு வருகிறது. உர ஆலைகளில் 450 டிகிரியில் அல்லவா ஓட்டுகிறார்கள்?
– பாலிடெக்னிக் மாணவர், தூத்துக்குடி

உங்கள் கணக்கு சரி. இரண்டு மோல் அம்மோனியாவுக்கு என்தால்பி −92.2 கிலோஜூல், என்ட்ரோபி −198.7 ஜூல். வகுத்தால் 464 கெல்வின், அதாவது நீங்கள் சொன்ன 191 டிகிரி. ஆனால் இது எல்லா வாயுக்களும் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும்போது பொருந்தும் எண். ஒரு மோல் நைட்ரஜனும் மூன்று மோல் ஹைட்ரஜனுமாக நான்கு மோல் வாயு இரண்டு மோல் அம்மோனியாவாகச் சுருங்குவதால்தான் என்ட்ரோபி குறைகிறது. முன்கூட்டியே அழுத்திப் பிடித்த வாயுவுக்கு இழக்கப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. 450 டிகிரியில் ஏறக்குறைய +51 கிலோஜூலாக நிற்கும் கட்டிலா ஆற்றலை 200 வளிமண்டல அழுத்தம் சுமார் 64 கிலோஜூல் கீழே இழுக்கிறது. குறி மாறிவிடும்.

அப்படியானால் 150 டிகிரியிலேயே ஓட்டலாமே என்பீர்கள். திசை வேறு, வேகம் வேறு. நைட்ரஜனின் மும்மைப் பிணைப்பை உடைக்க இரும்பு வினையூக்கிக்கே 400 டிகிரிக்கு மேல் வேண்டும். வினையூக்கி இரு திசையிலும் வேகத்தைக் கூட்டும். சமநிலையை ஒரு மயிரிழைகூட நகர்த்தாது. 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர் ஆய்வகத்தில் செய்து காட்டியதை 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலையாக்கிய போஷ் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இடம் கண்டார். ஒரு சுற்றில் 15 சதவீத அளவே மாறும். அம்மோனியாவைக் குளிர்வித்துத் திரவமாக எடுத்துவிட்டு மீதியைத் திரும்ப அனுப்புவார்கள். உங்கள் ஊர் ஆலையானாலும் மணலி ஆலையானாலும் அடிப்படை இதுதான்.

கோடையில் இறால் குளத்தில் ஆக்சிஜன் குறைகிறது. ஏரேட்டர் கூட்டியும் போதவில்லை. ஐஸ் போடலாமா?
– இறால் பண்ணையாளர், நாகப்பட்டினம் மாவட்டம்

ஐஸ் வேண்டாம். ஒரு ஹெக்டேர் குளத்தில் 1.2 மீட்டர் ஆழம் தண்ணீர் என்றால் ஒரு டிகிரி இறக்கவே 100 டன்னுக்கு மேல் ஐஸ் வேண்டும்.

வாயு தண்ணீரில் கரையும்போது, காற்றில் விருப்பம்போல் சுற்றித் திரிந்த சுதந்திரத்தை இழக்கிறது. ஆக்சிஜனுக்கு அந்த நட்டம் மோலுக்கு 94 ஜூல். அதை ஓரளவு ஈடுகட்டுவது கரையும்போது வெளியேறும் 12 கிலோஜூல் வெப்பம். வெப்பநிலை ஏற ஏற என்ட்ரோபி நட்டத்தின் எடை கூடும், வெப்பத்தின் ஈடு அதே அளவில் நிற்கும். எனவே நன்னீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கரைவது 30 டிகிரியில் 7.6 ஆகும், உப்பு நீரில் இன்னும் குறையும். இறாலுக்கோ சூட்டில் மூச்சுத் தேவை கூடுகிறது.

ஏரேட்டர் இந்த உச்ச வரம்பை உயர்த்தாது. வரம்பை நோக்கி விரைவாகக் கொண்டுபோகும், அவ்வளவே. ஆகவே ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும் பின்னிரவிலும் விடியலிலும் அதை நிறுத்தாமல் ஓட்டுங்கள், கோடையில் தீவன அளவைக் குறையுங்கள், நீர்மட்டத்தை உயர்த்தி வையுங்கள்.

மருந்து மூலக்கூறுகள் புரதத்தோடு பிணைவதை ஐந்து வெப்பநிலைகளில் அளந்தேன். பன்னிரண்டு சேர்மங்களின் என்தால்பியையும் என்ட்ரோபியையும் வரைந்தால் அருமையான நேர்கோடு வருகிறது. இது என்தால்பி–என்ட்ரோபி ஈடுசெய்தல்தானே? கட்டுரையில் எழுதலாமா?
– ஆராய்ச்சி மாணவி, கோயம்புத்தூர்

அவசரப்பட வேண்டாம். என்தால்பியில் வரும் லாபத்தை என்ட்ரோபி நட்டம் அழித்துவிடுவதைத்தான் ஈடுசெய்தல் என்கிறார்கள். முதலில் அந்தக் கோட்டின் சாய்வைப் பாருங்கள். அது கெல்வினில் ஒரு வெப்பநிலை. 298 முதல் 318 வரை அளந்திருந்து, சாய்வும் 308ஐ ஒட்டி வந்தால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் உங்கள் அளவீட்டுப் பிழையின் நிழல்.

காரணம் இது. வெப்பநிலையின் தலைகீழிக்கு (1/வெப்பநிலை) எதிராகச் சமநிலை மாறிலியின் (பிணைப்பின் வலுவைக் காட்டும் எண்) மடக்கையை வரைவது வான்ட் ஹாஃப் வரைபடம். அதன் சாய்விலிருந்து என்தால்பியும், கோடு அச்சை வெட்டும் வெட்டுத்துண்டிலிருந்து என்ட்ரோபியும் வருகின்றன. வெட்டுத்துண்டு இருப்பதோ உங்கள் புள்ளிகளிலிருந்து வெகு தொலைவில், வெப்பநிலையின் தலைகீழி பூச்சியமாகும் இடத்தில். சாய்வு சற்றே பிசகினால் வெட்டுத்துண்டும் அதே விகிதத்தில் பிசகும். சமநிலை மாறிலியில் 5 சதவீதப் பிழை இருந்தால், 20 டிகிரி இடைவெளியின் இரு முனைப் புள்ளிகளை வைத்துக் கணக்கிடும்போது என்தால்பியில் ஏறக்குறைய 3 கிலோஜூல் பிழை வரும். கூடவே என்ட்ரோபி அந்தப் பிழையை 308ஆல் வகுத்த அளவுக்கு, சுமார் 9 ஜூல், அதே திசையில் நகரும். கட்டிலா ஆற்றல் அசையாது. பன்னிரண்டு சேர்மங்களுக்கும் இப்படி நடந்தால் அழகான கோடு வராமல் என்ன செய்யும்?

நீர்க்கரைசல்களில் இந்த நேர்கோடுகள் அறை வெப்பநிலையை ஒட்டியே விழுவதை 1970இல் லம்ரியும் ராஜேந்தரும் தொகுத்து எழுதினார்கள். அவற்றில் எவ்வளவு புள்ளியியல் மாயை என்பதை 1976இல் குரூக், ஹன்டர், கிரீகர் மூவரும் காட்டினார்கள். அவர்கள் சொன்ன மாற்று எளியது: அளந்த வெப்பநிலைகளின் இசைச் சராசரியில் (தலைகீழிகளின் சராசரிக்குத் தலைகீழி) கட்டிலா ஆற்றலைக் கணக்கிட்டு, அதற்கு எதிராக என்தால்பியை வரையுங்கள். அந்த இரண்டின் பிழைகளும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. அதிலும் கோடு நின்றால் பேசலாம்.

வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டரில் டைட்ரேஷன் செய்து (ஒன்றோடு மற்றதைச் சிறிது சிறிதாகச் சேர்த்து) என்தால்பியை நேரே அளப்பது மேல். ஆனால் அதிலும் என்ட்ரோபி தனியாக அளக்கப்படுவதில்லை. என்தால்பியிலிருந்து கட்டிலா ஆற்றலைக் கழித்துத்தான் வருகிறது. தவிர, மருந்து ஆய்வில் யாரும் மிகப் பலவீனமான பிணைப்பை அளப்பதில்லை. பிணைப்பு மாறிலி 10இன் 5ஆம் அடுக்கு முதல் 9ஆம் அடுக்கு வரை என்றால் கட்டிலா ஆற்றலின் வீச்சு 23 கிலோஜூல் மட்டுமே. என்தால்பி அதைவிடப் பல மடங்கு அகலமாகப் பரவினால், குறுகிய அந்தப் பட்டைக்குள் அடங்க என்ட்ரோபி கூடவே ஓடித்தான் ஆக வேண்டும்.

இதனால் ஈடுசெய்தலே பொய் என்று ஆகிவிடாது. ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்று இறுகினால் என்தால்பியில் லாபம், அசையும் சுதந்திரத்தில் நட்டம், அது இயற்கை. சேர்மத்தில் ஒரு தொகுதியைச் சேர்த்து என்தால்பியில் 10 கிலோஜூல் சம்பாதித்தும் பிணைப்பு வலுக்காமல் போவதை மருந்து வடிவமைப்பவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். கட்டுரையில் கோட்டைப் போடுவதென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் பிழை நீள்வட்டத்தை (இரண்டு மதிப்புகளும் சேர்ந்து எவ்வளவு பிசகலாம் என்று காட்டும் வளையம்) வரைந்து போடுங்கள். நீள்வட்டங்கள் எல்லாம் கோட்டின் திசையிலேயே நீண்டு கிடந்தால் உங்கள் வழிகாட்டி பார்ப்பதற்கு முன்பே உங்களுக்கு விடை தெரிந்துவிடும்.

இதை வீட்டில் செய்து பார்க்க ஏதாவது உண்டா? எந்த ரசாயனமும் இல்லாமல்?
– எட்டாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

உண்டு. அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்து, மேலுதட்டில் தொட்டுக்கொண்டு சட்டென்று நன்றாக இழுங்கள். இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே அரை நிமிடம் காற்றில் ஆறவிட்டு, மெல்லத் தளர்த்தி உடனே உதட்டில் வையுங்கள். குளிரும்.

ரப்பர் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். தளர்ந்திருக்கும்போது அவை சுருண்டு கிடக்க ஆயிரமாயிரம் வழிகள். இழுத்தால் நேராக நிற்க ஒரு சில வழிகள்தான். இழுவைக்கு ரப்பர் காட்டும் எதிர்ப்பு பெரும்பாலும் என்ட்ரோபியால் வருவது. பிணைப்பு எதுவும் நீள்வதில்லை. இதை ஆங்கிலேயரான ஜான் காஃப் 1805இலேயே உதட்டில் வைத்துத்தான் கண்டார்.

அடுத்து, ரப்பர் பேண்டில் அது இரண்டு மடங்கு நீளும் அளவுக்கு ஒரு எடையைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி, ஹேர் டிரையரால் மேலும் கீழும் சூடுகாட்டுங்கள். கம்பியானால் சூட்டில் நீளும். இது சில மில்லிமீட்டர் சுருங்கி எடையை மேலே தூக்கும். பழைய, வெடித்த ரப்பர் வேண்டாம். அறுந்து முகத்தில் அடிக்கும்.